நிற்கிற இன்ஜினை அளந்தேன்

“ஃபுல்லா மிதிச்சப்போ ஒண்ணும் ஆகலடா. காலை எடுத்ததும்தான் சத்தம் வந்துச்சு.” பந்தயம் பாதியில் நின்றுபோன அன்று காரை ஓட்டிய நண்பன் சொன்னது இது. அப்போது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேரிங் போய்விட்டது, மிதித்தபோது போனால் என்ன, விட்டபோது போனால் என்ன என்று இருந்தேன். ஆனால் இரவில் படுத்தால் அந்த வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. நேர்ப்பாதை முழுக்க 9000 ஆர்பிஎம் வரை முழு பலத்தோடு இழுத்தபோது தாங்கிய பேரிங், பாரம் இறங்கிவிட்டது என்று நான் நம்பிய அந்த நொடியில் ஏன் போக வேண்டும்? பதில் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது. கிடைத்த பதில், பேரிங்குக்கும் அதற்குள் சுழலும் தண்டுக்கும் நடுவே விடுகிற இடைவெளியான கிளியரன்ஸைப் பற்றியும் ஆயிலைப் பற்றியும் நான் வைத்திருந்த நம்பிக்கைகளில் பாதியைக் கழற்றிப் போட்டுவிட்டது.

இன்ஜினைக் கட்டியவன் நான். நான்கு சிலிண்டர், இரண்டு லிட்டர், ஸ்ட்ரோக் 86 மிமீ, பிக் எண்ட் ஜர்னல் 48 மிமீ, அலுமினியம் பிளாக். சாலைக்கார் இன்ஜினைப் பந்தயத்துக்காகத் திருத்தியது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க், பிஸ்டனை அதோடு இணைப்பது ராட். ராடின் கீழ்முனை கிராங்கைப் பிடிக்கும் இடம் பிக் எண்ட், பிளாக் கிராங்கைத் தாங்கும் இடம் மெயின், அந்த இடங்களில் கிராங்கின் உருண்டைப் பகுதிதான் ஜர்னல். மெயின் பேரிங், பிக் எண்ட் இரண்டுக்கும் 40 மைக்ரான் கிளியரன்ஸ் வைத்தேன், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாற்பது பங்கு. கையேடு தந்த வரம்புக்குள்தான், ஆனால் அதன் இறுக்கமான ஓரத்தில். ஆயில் 20டபிள்யூ-50, கெட்டியான ரகம். இறுக்கமாக இருந்தால் பிரஷர் நிற்கும், கெட்டியாக இருந்தால் ஆயில் படலம் உடையாது, இரண்டையும் சேர்த்து வைத்தால் இரட்டைப் பாதுகாப்பு என்பது என் கணக்கு. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் ஆயில் பிரஷர் முள் 6 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதி.

கிராங்க் கிரைண்டிங் செய்து தந்த அண்ணன் அசெம்பிளியின்போது ஒரே ஒரு முறை கேட்டார். “பிக் எண்டுக்கு எவ்வளவு வெச்சிருக்க தம்பி?” “நாற்பது அண்ணே.” “ஒன்பதாயிரத்துக்கா?” அதற்கு மேல் அவர் பேசவில்லை. பழைய காலத்து ஆட்கள் எல்லாவற்றையும் லூஸாகத்தான் வைப்பார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நான் போல்ட்டை இறுக்கினேன்.

முள் காட்டியது என்ன

ஆயில் பிரஷர் முள்ளை நான் பேரிங்கின் நாடித்துடிப்பு மாதிரி பார்த்துப் பழகியிருந்தேன். முள் மேலே இருந்தால் பேரிங் நலம், இறங்கினால் ஆபத்து. முள் இறங்கினால் ஆபத்து என்பது சரிதான். ஆனால் மேலே இருந்தால் நலம் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு ஆயில் என்று தள்ளுகிறது. அது போகிற வழி எவ்வளவு குறுகலோ, ஆயில் எவ்வளவு கெட்டியோ, அந்த அளவுக்குப் பிரஷர் ஏறுகிறது. ஆயில் போக இடமில்லை என்பதைத்தான் உயர்ந்த பிரஷர் பல நேரம் சொல்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயில் அடியிலுள்ள தொட்டியான சம்ப்புக்கே திரும்பிவிடும். முள் அப்போதும் 6-இல் அசையாமல் நிற்கும். நான் ரசித்தது அந்த 6-ஐத்தான்.

பேரிங்கில் பாரத்தைச் சுமப்பது பம்ப் தருகிற அழுத்தம் இல்லை என்பது நூறு ஆண்டுக்கும் மேலாகத் தெரிந்த விஷயம். 1880-களில் பியூசாம்ப் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் துளை போட்டிருந்தார். அச்சு சுழன்றதும் அந்தத் துளை வழியாக ஆயில் மேலே பொங்கியது. தக்கை வைத்து அடைத்தார், தக்கை பிதுங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், அதுவும் வந்தது. அங்கே அழுத்தமானி வைத்துப் பார்த்தபோதுதான், அந்த இடத்து அழுத்தம் பேரிங்கின் சராசரி பாரத்தையே தாண்டி நிற்கிறது என்று தெரிந்தது. சுழலும் அச்சு தானே ஆயிலை இழுத்து, குறுகிக்கொண்டே போகும் இடைவெளிக்குள் ஆப்பு மாதிரி செருகுகிறது. அந்த ஆப்புதான் அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. அதன் கணக்கை ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886-இல் எழுதிவைத்தார். இன்றைக்கும் பேரிங் கணக்கெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என் இன்ஜினுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பிஸ்டன், பின், ராடின் மேல்பகுதி எல்லாம் சேர்த்து அரைக் கிலோ. 9000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல 5000 மடங்கு முடுக்கம். அந்த அரைக் கிலோ ராடைப் பிடித்து இழுப்பது ஏறத்தாழ இரண்டரை டன் விசையோடு. 48 மிமீ விட்டம், 18 மிமீ அகலமுள்ள பேரிங் முகத்தில் அதைப் பரப்பினால் சராசரியே 290 பார் வருகிறது. இதன் பக்கத்தில் என் 6 பாரை வைத்துப் பாருங்கள். பம்ப்பின் வேலை பாரம் சுமப்பது இல்லை. ஆப்பு உண்டாகத் தேவையான ஆயிலைத் தொடர்ந்து கொண்டுவந்து கொடுப்பதும், சூடான பழைய ஆயிலை வெளியே தள்ளுவதும்தான்.

அந்த 6 பாரும்கூட முழுசாக பிக் எண்டுக்குப் போய்ச் சேருவதில்லை. மெயின் ஜர்னலின் வெளிப்பரப்பிலிருந்து கிராங்குக்குள் நுழைகிற ஆயில், சுழற்சி வெளியே வீசி எறிவதை எதிர்த்து உள்ளே வர வேண்டும். துளை ஜர்னலின் நடுமையம் வரை போகிற கிராங்கில், 9000 ஆர்பிஎம்மில் இதற்கே 2 பாருக்கு மேல் செலவாகிறது. சில பந்தய இன்ஜின்களில் கிராங்கின் முனையிலிருந்தே நடுமையம் வழியாக ஆயில் கொடுப்பது இந்தச் செலவைத் தவிர்க்கத்தான்.

எட்டு ஷெல்கள்

இன்ஜினைப் பிரித்த அன்று எட்டு பிக் எண்ட் ஷெல்களையும், அதாவது ராடுக்கு இரண்டாக வரும் அரைவட்டப் பேரிங் தகடுகளை, துடைத்து, ஒரு பழைய செய்தித்தாள் மேல் சிலிண்டர் வரிசைப்படி வைத்தேன். இரண்டாவது சிலிண்டருடையவை ஒன்றோடொன்று ஒட்டி, சுழன்று, நீலம் பாய்ந்து கிடந்தன. அவற்றிடம் கேட்க ஒன்றும் இல்லை. செத்த பேரிங் எதனால் செத்தது என்று சொல்லாது, பக்கத்தில் பிழைத்துக் கிடப்பதுதான் சொல்லும். மற்ற ஆறு ஷெல்களைப் பார்த்தால், நடுவில் மேல்பூச்சு அப்படியே மங்கின சாம்பல் நிறத்தில், புதிது போல இருந்தது. இறுக்கம் போதவில்லையோ, இன்னும் கெட்டியான ஆயில் போட்டிருக்க வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பிடிவாதம்.

அண்ணன் வந்தார். விளக்கைத் தாழ்த்திச் சாய்வாகப் பிடிக்கச் சொன்னார். மூன்றாவது சிலிண்டரில், ராடின் அடியில் போல்ட் போட்டு மூடும் கேப் பக்கத்து ஷெல்லை எடுத்து நகத்தால் ஓரத்தைத் தடவினார். “இங்க பாரு.” இரண்டு ஷெல்லும் சேருகிற மூட்டுக்குப் பக்கத்தில், இரு புறமும் விரல் அகலத்துக்கு வெள்ளிபோலத் தேய்ந்து மின்னியது. ஒரு பக்கத்தில் மேல்பூச்சு போய் அடியிலிருக்கும் செம்பு லேசாகத் தெரிந்தது. அடுத்த ஷெல்லிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும் அதே இடம். ஆறு ஷெல்லிலும் ஒரே இடம்.

“நீ எங்க அளந்த?”

“நேர் மேல கீழ அண்ணே. மூட்டுக்குத் தொண்ணூறு டிகிரில. அங்கதானே அளக்கணும்?”

“அங்கதான் அளக்கணும். அங்க பேரிங் நல்லாத்தான் இருக்கு. பக்கவாட்டுல அளந்தியா?” நான் பேசாமல் நின்றேன். “அளந்திருந்தாலும் நிக்கிற இன்ஜினைத்தான் அளந்திருப்ப தம்பி. ஓடும்போது அந்த ராட் வட்டமாவா இருக்கும்?”

நண்பன் சொன்ன வரி அப்போதுதான் எனக்கு விளங்கியது. இரண்டரை டன் இழுவை வரும்போது ராடின் கீழ்ப்பகுதி, அதாவது கேப், கீழ்நோக்கி நீளுகிறது. வட்டமான துளை மேலும் கீழும் நீண்டால் பக்கவாட்டில் ஒடுங்கும். ரப்பர் வளையத்தை மேலும் கீழுமாக இழுத்தால் இடுப்பு ஒடுங்குவதுபோல. நான் 40 மைக்ரான் வைத்த இடத்தில் இடைவெளி கூடியது, மூட்டுப் பக்கத்தில் குறைந்து குறைந்து ஜர்னலைத் தொட்டது. ஷெல் செய்பவர்கள் இதற்காகவே மூட்டை நோக்கிப் போகப் போகச் சுவரை மெல்லியதாக்குகிறார்கள். பந்தயத்துக்கான ஷெல்லில் அந்த மெலிவு அதிகம். நான் போட்டது சாலைக்கார் ஷெல்.

காலை எடுத்ததும் நடந்தது என்ன? முழுசாக மிதித்திருக்கும்போது, கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் உச்சிக்கு வருகையில் எரியும் வாயு அதை எதிர்த்துத் தள்ளி இழுவையைத் தணிக்கும். எக்ஸாஸ்ட் உச்சியில் மட்டும்தான் ராட் முழு இழுவையையும் வாங்கும். 9000-இல் அது நொடிக்கு 75 முறை. த்ராட்டிலை மூடிய கணத்தில் சிலிண்டரில் தள்ளுவதற்கு வாயுவே இல்லை. அப்போது ஒவ்வொரு உச்சியிலும் இழுவைதான், நொடிக்கு 150 முறை. வேகம் இன்னும் இறங்காத அந்தச் சில நொடிகள்தான் ராடுக்கும் அதன் போல்ட்டுக்கும் பேரிங்குக்கும் மிகக் கொடுமையான நேரம். பிரேக் பிடித்ததில் ஆயில் முன்னால் ஓடி, பம்ப்புக்கு ஆயில் எடுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சியிருக்குமோ என்ற சந்தேகமும் எனக்கு இருந்தது. பதிவுக் கருவியில் பார்த்தேன், பிரஷர் கொஞ்சமும் விழவில்லை. 6 பார் இருக்கும்போதே பேரிங் போயிருக்கிறது.

கெட்டி ஆயிலின் சூடு

அதன் பிறகு ஆயில் பக்கம் திரும்பினேன். அங்கேயும் நான் நிற்கிற எண்ணைத்தான் நம்பியிருந்தேன். டப்பாவில் இருக்கும் 50 என்பது, 100 டிகிரியில் ஆயில் தன் எடையால் ஒழுகும் வேகத்தை வைத்து வருவது. பேரிங்குக்குள் ஆயில் ஒழுகுவதில்லை, கிழிபடுகிறது. 48 மிமீ ஜர்னலின் முகம் 9000-இல் நொடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதற்கும் ஷெல்லுக்கும் நடுவே, ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான். வேகத்தை இடைவெளியால் வகுத்தால் வெட்டுவீதம் நொடிக்குப் பத்து லட்சத்தைத் தாண்டுகிறது. படலம் 2 மைக்ரானாக மெலிகிற இடத்தில் ஒரு கோடி. 20டபிள்யூ-50 போல இரண்டு எண் கொண்ட மல்டிகிரேட் ஆயிலைச் சூட்டில் கெட்டியாக வைத்திருக்கும் பாலிமர் சங்கிலிகள் இந்த வேகத்தில் நீட்டிப் படுத்துவிடும். டப்பாவில் 50 என்றிருப்பது பேரிங்குக்குள் 50 ஆக இருக்காது. கடுமையாக ஓட ஓட அந்தச் சங்கிலிகள் நிரந்தரமாகவே அறுந்தும் போகும்.

இதை அளக்கத்தான் எச்டிஎச்எஸ் என்ற எண் இருக்கிறது. 150 டிகிரியில், நொடிக்குப் பத்து லட்சம் வெட்டுவீதத்தில் ஆயிலின் பாகுத்தன்மை. எஸ்ஏஇ ஜே300 தரத்தில் 10டபிள்யூ-40-க்கு இது குறைந்தது 3.5 இருக்க வேண்டும், 20டபிள்யூ-50-க்குக் குறைந்தது 3.7. இரண்டுக்கும் நடுவே அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல சிந்தெடிக் 40 ஒன்று சுமாரான 50-ஐ பேரிங்குக்குள் தாண்டிவிடலாம். ஆயில் வாங்கும்போது நான் இப்போது முதலில் தேடுவது தரவுத்தாளில் இந்த எண்ணைத்தான்.

கெட்டி ஆயிலால் எனக்கு வந்த முக்கியமான கேடு சூடு. ஆயிலைக் கிழிக்கச் செலவாகும் பலம் வெப்பமாகிறது. அது ஜர்னல் வேகத்தின் இருமடியில் ஏறும், பாகுத்தன்மை கூடினால் ஏறும், இடைவெளி குறைந்தாலும் ஏறும். என் அளவுகளைப் போட்டால் ஒரே ஒரு பிக் எண்டில் அரை கிலோவாட்டுக்கு மேல் வந்தது. கட்டைவிரல் அகலத்துப் பேரிங்குக்குள் பாதி இஸ்திரிப் பெட்டியை வைத்தது போல. இதை வெளியே எடுத்துப் போக வேண்டியதும் அதே ஆயில்தான். அழுத்தத்தால் பேரிங் வழியாகப் போகும் ஆயிலின் அளவு இடைவெளியின் மும்மடியைப் பொறுத்தது. 40 மைக்ரானை 56 ஆக்கினால் இரண்டே முக்கால் மடங்கு ஆயில் போகும். கூடுவது 16 மைக்ரான், ஒரு தலைமுடியின் தடிமனில் கால்வாசி. கெட்டியாக்கினேன், அதனால் சூடானது. இறுக்கினேன், சூடு வெளியே போக வழியில்லை. சூடானதும் ஆயில் தானாகவே மெலிந்தது. படலத்தைக் காப்பாற்ற நான் செய்தது எல்லாம் சேர்ந்து படலத்தை மெலிய வைத்தது.

நாஸ்கார் மாதிரிப் பந்தயங்களில் நேர்மாறான வழியும் உண்டு. ஜர்னலின் விட்டத்தையே குறைத்து, இடைவெளியை இறுக்கி, மிக மெல்லிய ஆயிலில் ஓட்டுவார்கள். இறுக்கத்துக்கு மெல்லியது, தளர்வுக்குக் கெட்டி, இரண்டு ஜோடியும் வேலை செய்யும். ஆனால் முதல் ஜோடிக்கு ஆயில் வெப்பம், வட்டத்தன்மை, ராடின் விறைப்பு எல்லாமே கட்டுக்குள் இருக்க வேண்டும். என் பட்டறையில் அது முடியாது. இறுக்கமும் கெட்டியும் சேர்ந்த என் ஜோடியை மட்டும் நான் எங்கும் கண்டதில்லை.

மறுபடி அளந்தது

மெயினுக்கும் பிக் எண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தது இன்னொரு பிழை. ராட் இரும்பு, கிராங்க் இரும்பு, சேர்ந்து விரியும், சூட்டில் இடைவெளி பெரிதாக மாறாது. அலுமினியம் பிளாக் அப்படி இல்லை, இரும்பைப் போல இரு மடங்கு விரியும். 59 மிமீ துளைக்குள் ஷெல்லோடு 55 மிமீ மெயின் ஜர்னல், வெப்பம் 80 டிகிரி ஏறுகிறது என்று கணக்குப் போட்டால், இடைவெளி 50 மைக்ரானுக்கு மேல் கூடுகிறது. பிளாக்கை விடக் கிராங்க் கூடுதலாகச் சூடாவதால் நிஜத்தில் கொஞ்சம் குறையலாம். எப்படியும் சூட்டில் மெயின்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் திறந்துகொள்ள, பிக் எண்ட் 40-லேயே நின்றிருக்கிறது. தண்ணீரைப் போல ஆயிலும் எளிய வழியில்தான் போகும். மெயினில் ஒழுகியது போக மிச்சம்தான் ராடுக்கு.

புதிய கிராங்குக்கு 1000-க்கு 1 என்ற பழைய கணக்கிலிருந்து தொடங்கினேன். 48 மிமீக்கு 48 மைக்ரான், 9000-க்காக அதன் மேல் கொஞ்சம். பந்தய ஷெல்லில் 25 மைக்ரான் கூடுதல் இடைவெளி தருகிற வகை கிடைக்கும். ஒரு ராடில் சாதாரண ஷெல் ஒன்றும் அந்த வகை ஒன்றும் போட்டால் 13 மைக்ரான் அளவுக்கு நகர்த்தலாம். நான்கு ராடையும் 54-க்கும் 57-க்கும் நடுவே கொண்டுவந்தேன். மெயின்களை 40-லேயே விட்டேன், சூட்டில் அவையே திறந்துகொள்ளும். 70 வைத்தால் என்ன என்று ஆசை வந்தது. இடைவெளி அளவுக்கு மீறினால் பாரம் குறுகிய வில்லில் குவிந்து படலம் அங்கே மெலியும், பக்கவாட்டில் தெறிக்கும் ஆயில் சிலிண்டர் சுவரை நனைத்து பிஸ்டன் ரிங்கைத் திணறடிக்கும். அதனால் 57-இல் நிறுத்தினேன். ஆயில் 10டபிள்யூ-40, எச்டிஎச்எஸ் 4-க்கு மேல்.

கிராங்க், ராட், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஓர் இரவு முழுக்க ஒரே அறையில் வைத்தேன். ராடைக் கையில் பிடித்து அது 10 டிகிரி சூடானால் 5 மைக்ரான் பொய் வந்துவிடும். ஜர்னலை அளந்த மைக்ரோமீட்டரைப் பூட்டி, துளையின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜை அதற்குள்ளேயே வைத்து பூஜ்யமாக்கினேன். கருவி இரண்டு மைக்ரான் தப்பாக இருந்தாலும் இரண்டும் ஒரே தப்பில் இருக்கும். போல்ட்டை, முறுக்கும் பலத்தைக் காட்டுகிற டார்க் ரெஞ்சை மட்டும் நம்பி இறுக்காமல் அது நீண்ட அளவையும் பார்த்து இறுக்கினேன். பிறகு ஒவ்வொரு ராடிலும் நேராக ஓர் அளவு, மூட்டுக்கு இரு புறமும் சாய்வாக ஓர் அளவு. நோட்டில் முன்பு ஒரு பத்தி இருந்த இடத்தில் இப்போது மூன்று பத்தி. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயிலைச் சூடாக்கி ஊற்றுவதையும் பழக்கமாக்கிக்கொண்டேன். எஃப்1 இன்ஜின்களை முதலில் வெந்நீரும் ஆயிலும் ஓடவிட்டுச் சூடாக்காமல் சுழற்றக்கூட மாட்டார்கள். அது ஆடம்பரம் என்று நினைத்திருந்தேன்.

முதல் ஓட்டத்தில் சூடான பின் முள் 4.2 பாரில் நின்றது. 6-ஐப் பார்த்துப் பழகிய கண் அது. வயிற்றைப் பிசைந்தது. நண்பன் ஒவ்வொரு நேர்ப்பாதையின் முடிவிலும் காலை எடுக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தேன்.

சீசன் முடிந்து போன வாரம் சம்ப்பைக் கழற்றினோம். அதே செய்தித்தாள் வரிசை, அதே சாய்ந்த விளக்கு. இரண்டாவது சிலிண்டர் ஷெல் மூட்டுவரைக்கும் சாம்பல் நிறம் கலையாமல் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. நான்காவது சிலிண்டரின் மேல் ஷெல்லில் ஒரே ஓரத்தில் நூலளவு மினுக்கம், அதற்கு நேரெதிர் மூலையில் கீழ் ஷெல்லிலும் அதே மினுக்கம். “மூட்டுல இல்ல, ஓரத்துல இருக்கு. இது கிளியரன்ஸ் இல்ல தம்பி. ராட் வளைஞ்சிருக்கு, நாளைக்குக் கொண்டா” என்றார். ராடைத் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன்.